சொத்துச் சட்டமும் டிஜிட்டல் சொத்தும்: சென்னையிலிருந்து ஆய்வுக்குப் போக நான்கு வழிகள்

கடந்த இரண்டு மாதத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். முதலாமவர் பெரம்பூர்க்காரர். சட்ட முதுநிலைப் படிப்பான எல்.எல்.எம். முடித்து ஆறு மாதம் ஆகிறது, வயது இருபத்தைந்து. இரண்டாமவர் தம்புச் செட்டித் தெருவில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஐந்து வருடமாக ஜூனியர். கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. மூன்றாமவர் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார்; அவருக்கு முப்பத்து நான்கு. மூவருக்கும் சொத்துச் சட்டம் பிடிக்கும். கிரிப்டோ மாதிரியான டிஜிட்டல் சொத்துகளை அந்தச் சட்டத்துக்குள் எங்கே உட்கார வைப்பது என்று ஆராய ஆசை. முனைவர் பட்ட ஆய்வுக்கு எந்த வழியாகப் போவது என்பதில்தான் மூவருக்கும் குழப்பம்.

நான் ஏழு வருடம் உயர் நீதிமன்றத்தில் கோட்டு போட்டுவிட்டு கற்பித்தலுக்கு வந்தவன். பகுதிநேரமாக ஆறு வருடம் இழுத்து, 2025இல் முனைவர் பட்டம் வாங்கினேன். அதனால் எனக்கென்று சில சாய்வுகள் உண்டு. படிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்தத் தலைப்பு எப்படிப்பட்டது

நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் "சொத்தின் சுவாதீனத்தை இன்றே ஒப்படைத்துவிட்டேன்" என்ற அர்த்தத்தில் ஒரு வரி தவறாமல் வரும். வீடு என்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். பிட்காயின் என்றால்? வாலட்டை, அதாவது பிட்காயினுக்கான டிஜிட்டல் பணப்பையை, திறக்கும் 12 அல்லது 24 சொற்களை ஒரு தாளில் எழுதி உங்களிடம் கொடுக்கிறேன் என்று வையுங்கள். தாள் உங்கள் கையில் இருக்கிறது. சொற்கள் என் தலைக்குள்ளும் இருக்கின்றன. நாளைக் காலை நான் அதைத் திறந்து காலி செய்தால் நடந்தது திருட்டா, ஒப்பந்த மீறலா? சுவாதீனம் உண்மையில் எப்போது மாறியது? இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு ஆய்வேடு எழுதலாம்.

நம் 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 'சொத்து' என்றால் என்ன என்று எங்கேயும் வரையறுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் நீதிமன்றங்கள் இத்தனை காலம் வேலை செய்திருக்கின்றன. ஏற்றுமதியாளர்களுக்குக் கிடைத்த இறக்குமதி உரிமங்களை 1996இல் உச்ச நீதிமன்றம் 'சரக்கு' என்றது. 2004இல் டாடா கன்சல்டன்சி வழக்கில், கடையில் விற்கும் மென்பொருளும் சரக்குதான் என்றது. கிரிப்டோவைப் பற்றி எழுதும் பலர் இந்த இரண்டையும் தாண்டிக் குதித்து நேராக அதன் அடியிலுள்ள பிளாக்செயின் தொழில்நுட்பத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

அப்புறம் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு கொடுத்தார். கிரிப்டோ தொட்டுப் பார்க்கும் பொருளும் அல்ல, நாணயமும் அல்ல; ஆனால் அது சொத்து, அதை அனுபவிக்கலாம், வைத்திருக்கலாம், இன்னொருவர் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பிலும் (டிரஸ்ட்) வைக்கலாம் என்பது அதன் சாரம். நடுவர் மன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் இடைக்காலப் பாதுகாப்பு கேட்ட வழக்கு அது என்பதை மறக்கக் கூடாது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே அறைகள் இன்னும் கட்டப்படவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டனில் டிஜிட்டல் சொத்துகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. கைவசம் உள்ள பொருள், வழக்குப் போட்டு வசூலிக்கும் உரிமை என்று அசையும் சொத்து இரண்டே வகைதான், மூன்றாவது கிடையாது என்று 1885இல் ஆங்கில நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அந்த இரண்டிலும் சேராத ஒரே காரணத்துக்காக ஒன்றைச் சொத்து அல்ல என்று ஒதுக்க முடியாது என்கிறது புதிய சட்டம்.

என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அந்த 'மூன்றாம் வகை' பற்றித்தான். வாய்மொழித் தேர்வு முடிந்த சில மாதத்தில் இந்தத் தீர்ப்பும் சட்டமும் வந்தன. அதைப் புத்தகமாக்கலாம் என்ற என் எண்ணத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதை வைத்து ஒப்பிடுவது

சம்பளத்தை வைத்து ஒப்பிடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. நான் முதலில் கேட்பது வேறு: ஒரு வாரத்தில் உங்களுக்குத் தொடர்ச்சியாக, யாரும் கூப்பிடாமல், எத்தனை மணி நேரம் படிக்கக் கிடைக்கும்? துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்தில் தீர்ப்பு படிக்கலாம், குறிப்பு எடுக்கலாம். வாதத்தைக் கட்ட முடியாது. மாதக் காசு அதற்கு அடுத்தது. பிறகு வழிகாட்டி, ஆய்வுக்கான சரக்கு கையில் கிடைக்கிறதா, முடித்தபின் வேலை. நீங்கள் எழுதி முடிக்கும்வரை தலைப்பு தாங்குமா என்பதையும் இந்தத் துறையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

| | முழுநேர ஆய்வு, சென்னையில் | வக்கீல் தொழிலோடு பகுதிநேரம் | தனியார் கல்லூரி வேலையோடு பகுதிநேரம் | வெளிநாடு |
|---|---|---|---|---|
| தொடர்ச்சியான படிப்பு நேரம் | நிறைய | மிகக் குறைவு, கோடை விடுமுறையில் மட்டும் கொஞ்சம் | செமஸ்டர் இடைவெளியில் | மிக அதிகம் |
| மாத வருமானம் | ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) இருந்தால் 37,000 ரூபாய் முதல் | ஏறும் இறங்கும் | நிலையானது | உதவித்தொகை கிடைத்தால் மட்டும் |
| ஆய்வுக்கான சரக்கு | நூலகம், தரவுத்தளம் | நிஜ வழக்குகள் | தரவுத்தளம், மாணவர்கள் | ஒப்பீட்டுச் சட்டம், நல்ல நூலகம் |
| மறைவான செலவு | வழிகாட்டியின் ஓய்வு வயது | ரகசியம் காக்கும் கடமை | கல்லூரி நிர்வாக வேலை | திரும்பி வரும்போது இந்தியச் சட்டம் அந்நியமாவது |
| யாருக்கு | முப்பதுக்குள், குடும்பச் சுமை குறைவு | கேள்வி வழக்கிலிருந்து பிறந்தவருக்கு | மாதச் சம்பளம் நிற்கக் கூடாதவருக்கு | கேள்வியே பல நாடுகளைத் தொடுபவருக்கு |

சென்னையில் முழுநேர ஆய்வு

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஊரைவிட்டுப் போகத் தயார் என்றால் திருச்சியில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் உண்டு.

இந்த வழியின் உயிர் ஜே.ஆர்.எஃப்.தான். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் அந்த வரிசைக்குள் வந்துவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000; வீட்டு வாடகைப் படி தனி; மொத்தம் ஐந்து வருடம்வரை. சென்னையில் ஜூனியர் வக்கீலுக்கு மாதம் குறைந்தது 20,000 கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொல்ல வேண்டியிருந்தது. அதோடு வைத்துப் பார்த்தால் இந்தத் தொகையின் அருமை தெரியும். பொதுப் பிரிவில் வயது வரம்பு 30, பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருடத் தளர்வு. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் முழுநேர ஆய்வில் சேர்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இரண்டாம் வருடத்தில் கோச்சிங் வகுப்பு எடுக்கப் போய், ஆய்வும் கெட்டு, வகுப்பும் கெட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வழிகாட்டி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு மட்டும்தான் வழிகாட்டலாம். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருந்தால் புதிதாக ஆள் எடுக்கக் கூடாது. நான்கு வருடம் இருக்கிறதென்று சேர்ந்துவிட்டு, நீங்கள் ஆறு வருடம் எடுத்துக்கொண்டால் நடுவில் கை மாற வேண்டிவரும். என் நண்பர் ஒருவருக்கு அப்படி ஆனது. புது வழிகாட்டி முதல் சந்திப்பிலேயே தலைப்பை மாற்றச் சொன்னாராம்.

டிஜிட்டல் சொத்தில் தேர்ந்த வழிகாட்டி கிடைப்பது அரிது. அதனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடத்துபவரிடம் போய்ச் சேர்கிறார்கள். என் கருத்தில் அது தப்பு. சொத்துச் சட்டத்தில் ஊறிய ஒருவரிடம் சேருங்கள். பிளாக்செயின் என்னவென்று அவருக்கு நீங்கள் இரண்டு மதியத்தில் விளக்கிவிடலாம். உரிமைமூலம் (சொத்து யாருடையது என்பதற்கான அடிப்படை), சுவாதீனம், நம்பிக்கைப் பொறுப்பு இவற்றை அவர் உங்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்கு வருடக்கணக்கு ஆகும். அந்த வருடங்கள்தான் ஆய்வேடு.

முடித்தபின் வேலை என்று பார்த்தால் அரசுச் சட்டக் கல்லூரி ஒரு கனவு. தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஆனால் ஆசிரியர் தேர்வு வாரியம் 2018க்குப் பிறகு 2025இல்தான் அதற்கு ஆள் எடுக்க அறிவிப்பு கொடுத்தது. அதை நம்பி நாட்காட்டி போட முடியாது. இன்னொன்று: 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை. வேலைக்காக மட்டும் ஆய்வுக்கு வருகிறவர் இந்த இடத்தில் நின்று ஒருமுறை யோசிக்கலாம்.

வக்கீல் தொழிலோடு பகுதிநேர ஆய்வு

எனக்குத் தலைப்பு கிடைத்ததே இந்த வழியில்தான். அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். ஒருநாள் சாயந்தரம் ஒரு இளைஞர் சேம்பருக்கு வந்தார். அப்பா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மேசையில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்து இறப்புச் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று, வீட்டுப் பட்டா எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். கடைசியாக அப்பாவின் போனை வைத்தார். அதில் ஒரு வாலட் இருந்தது. அப்பா அடிக்கடி அதைப் பற்றிப் பேசுவார் என்றார். வங்கிக் கணக்குக்கு வாரிசுச் சான்றைக் கொண்டுபோய் மேனேஜரிடம் காட்டலாம், பட்டாவுக்குத் தாலுகா அலுவலகத்தில் காட்டலாம். "இதுக்கு இந்தச் சான்றை யார்கிட்ட சார் காட்டணும்?" என்று கேட்டார். என் சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பதில் தெரியாதபோது அவர் செய்வது அது.

நூலகத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்காது. வாரிசுரிமை சட்டப்படி அவருக்கு வந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் திறவுகோல் இல்லாத உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உரிமை வேறு, கட்டுப்பாடு வேறு என்ற பிரிவு அன்று மேசைமேல் கிடந்தது.

சரி, இதன் விலை என்ன? நேரம். காலையில் பட்டியல் பார்ப்பது, நாள் முழுக்க கோர்ட், குறை சொல்லித் திருப்பப்பட்ட மனுவைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது, சாயந்தரம் சீனியர் சேம்பர், எட்டரைக்கு மேல் வீடு. ஆய்வுக்கு ஞாயிறு மதியம்தான். பகுதிநேரம் என்றாலும் பாடநெறித் தேர்வுகள் முழுநேரக்காரர்களுக்கு உள்ளவைதான். அதற்குக் குறைந்தது 12 கிரெடிட். ஆறு வருடம் என்ற உச்சவரம்பும் அதேதான், மறுபதிவு செய்தால் இரண்டு வருடம் கூடும்.

பலர் யோசிக்காத இன்னொரு செலவும் உண்டு. கட்சிக்காரர் காட்டிய தாள்கள் உங்கள் ஆய்வுத் தரவு ஆகாது. அந்த இளைஞரின் கதை என் ஆய்வேட்டில் ஒரு வரிகூட இல்லை. வழக்கு கேள்வியைக் கொடுக்கும். பதிலுக்கான ஆதாரத்தை வெளியான தீர்ப்புகளிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

நல்ல செய்தி ஒன்று: வக்கீலாக இருந்துகொண்டே நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம் என்று 1979 முதலே விதி இருக்கிறது. கற்பித்தல் உங்களுக்கு ஒத்துவருமா என்று வேலையை விடாமல் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. பலர் அதையும் செய்யாமல் நேராகக் கோட்டைக் கழற்றி மாட்டிவிடுகிறார்கள்.

தனியார் கல்லூரி வேலையோடு பகுதிநேர ஆய்வு

முழுநேரச் சம்பள வேலைக்குப் போனால் வக்கீல் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும். திரும்பப் பெறலாம்தான், கட்சிக்காரர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள்.

யு.ஜி.சி. கணக்கில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. தனியார் இடங்களில் அது ஏறும். வகுப்பைக்கூடச் சமாளித்துவிடலாம், மற்றவைதான் ஆளைத் தின்னும். நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் மே மாதம் வந்தால் ஆளுக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள்: பிளஸ் டூ முடித்த நூற்று நாற்பது பிள்ளைகளின் போன் நம்பர். "உங்களுக்குச் சட்டம் படிக்க ஆர்வம் இருக்கிறதா?" என்று கூப்பிட்டுக் கேட்டு, சாயந்தரம் எக்செல் தாளில் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். நான் ஒதுக்கி வைத்திருந்த கோடை விடுமுறை அப்படிப் போனது. நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதோடு, மே, ஜூன் மாதங்களில் ஆசிரியர்கள் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்பவரின் முகத்தைப் பாருங்கள்.

ஆனாலும் இந்த வழியை மட்டமாகச் சொல்ல மாட்டேன். சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறது. தீர்ப்புத் தரவுத்தளங்களுக்குக் கல்லூரியே சந்தா கட்டுகிறது. சொந்தக் காசில் கட்டிப் பார்த்தவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். ஒவ்வொரு வருடமும் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து நடத்த வேண்டியிருப்பதும் ஆய்வுக்கு உரம்தான். எதையெல்லாம் மாற்றிக் கொடுக்கலாம் என்று சொல்லும் ஆறாம் பிரிவை நடத்தும்போது பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "சார், கேம்ல வாங்குன ஸ்கின்னை விக்கலாமா?" என்று கேட்டான் (ஸ்கின் என்பது விளையாட்டுப் பாத்திரத்துக்கு வாங்கி மாட்டும் தோற்றம்). எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு அடிக்குறிப்பு கிடைத்தது.

பெண்களுக்கு ஆய்வுக் காலத்தில் இரண்டு வருடம் கூடுதலாகவும், மகப்பேறு விடுப்பு 240 நாள்வரையும் உண்டு. கல்லூரியிலிருந்து தடையில்லாச் சான்றை வேலையில் சேரும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று வாய்வார்த்தையில் சொன்னால் நம்பாதீர்கள்.

வெளிநாடு

பிரிட்டனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சொத்துச் சட்டத்தில் நம் வேர் அங்கே போகிறது, புதிய சட்டமும் அங்கேதான் வந்திருக்கிறது. அரசு ஆய்வு மன்றங்களின் உதவித்தொகை 2025-26இல் வருடத்துக்கு 20,780 பவுண்டு. வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அவர்களுக்கு முப்பது சதவீத இடம்தான். விசாவோடு மருத்துவக் கட்டணமாக வருடத்துக்கு 776 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். மூன்றரை வருடத்துக்கும் மேலான படிப்புக்கு மொத்தமாக வரும்போது அது சின்னத் தொகை இல்லை. பட்டியல் சாதி மாணவர்களில் குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருப்பவர்கள் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையைப் பார்க்காமல் விடக் கூடாது. கடன் வாங்கிச் சட்ட ஆய்வுக்குப் போவது எனக்கு உடன்பாடில்லை. எல்.எல்.எம்.முக்குக் கடன் வாங்கினால் ஒரு நிறுவன வேலை அதை அடைக்கும். ஆய்வு அடைக்காது.

உங்கள் கேள்வி நாடு தாண்டியதா என்று பாருங்கள். 'சர்வர் ஒரு நாட்டில், நிறுவனம் ஒரு நாட்டில், உரிமையாளர் சென்னையில். எந்த நாட்டுச் சட்டம்?' என்பது உங்கள் கேள்வி என்றால் போகத்தான் வேண்டும். நியூசிலாந்து, சிங்கப்பூர், பிரிட்டன் நீதிமன்றங்கள் இதில் நமக்கு முன்னால் நடந்துவிட்டன. 'இந்து வாரிசுரிமையில் வாலட்' என்பது கேள்வி என்றால் லண்டனில் உட்கார்ந்து அதை எழுதுவது இருட்டில் தொலைத்ததைத் தெருவிளக்கடியில் தேடுவது மாதிரி. உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய முனைவர் பட்டத்துக்கு 2018 யு.ஜி.சி. விதிகள் தனிச் சலுகை கொடுத்தன. திரும்பி வருகிறவர் விண்ணப்பிக்கும் நேரத்தில் உள்ள விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூவருக்கும் நான் சொன்னது

பெரம்பூர்க்காரருக்கு: நெட்டை இரண்டு முறை எழுதுங்கள், ஜூனிலும் டிசம்பரிலும். ஜே.ஆர்.எஃப். வந்தால் சென்னையிலேயே சேருங்கள். அதற்கிடையில் பிரிட்டன் வழிகாட்டிகள் மூன்று பேருக்கு இரண்டு பக்க முன்மொழிவை அனுப்புங்கள், செப்டம்பருக்குள். உதவித்தொகை விண்ணப்பங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் முடிந்துவிடும்.

தம்புச் செட்டித் தெரு ஜூனியருக்கு: கோட்டைக் கழற்ற வேண்டாம். முதலில் மூன்று மணி நேர வகுப்பு எடுங்கள், ஒரு வருடம். அதோடு சென்னைத் தீர்ப்பு பற்றி ஒரே ஒரு கட்டுரை எழுதுங்கள். அதை எழுத எத்தனை ஞாயிறு ஆயிற்று என்று எண்ணி, பத்தால் பெருக்குங்கள்.

ஓ.எம்.ஆர். ஆசிரியைக்கு: ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, ஒருமுறை முயலுங்கள். வராவிட்டால் இருக்கிற இடத்திலேயே பகுதிநேரம். தலைப்பைக் குறுக்குங்கள், "டிஜிட்டல் சொத்தும் இந்தியச் சட்டமும்" என்று அவர் எழுதி வைத்திருந்ததை அடித்து, "வாலட்டும் சுவாதீனமும்" என்று எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் மூவரிடமிருந்தும் செய்தி வந்தது. முதலாமவர் நெட்டுக்குப் பணம் கட்டிவிட்டார். ஆசிரியை தடையில்லாச் சான்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், கோப்பு நகரவில்லையாம். ஜூனியர் ஒரு கல்லூரியில் சனிக்கிழமை வகுப்புக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். சீனியரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.